போன் இல்லாம வாயே திறக்க மாட்டேங்குறா, பசி எங்க போச்சு?

நீங்க கேட்டிருக்கிறது இதுதான். பொண்ணுக்கு ரெண்டரை வயசு, எடை 11 கிலோ, போன்ல பாட்டு ஓடினாத்தான் வாய் திறக்குறா, ஒரு கிண்ணம் பருப்பு சாதம் உள்ள போக ஒன்றரை மணி நேரம் ஆகுது, மாமியார் தினமும் "புள்ள எலும்பும் தோலுமா ஆயிடுச்சு"ங்குறாங்க, மெடிக்கல்ல பசி சிரப் வாங்கிக் குடுக்கலாமா, எந்த ஹெல்த் டிரிங்க் நல்லது. எழுத்துல பாத்தா சிரப்பும் பவுடரும்தான் கேள்வி. ஆனா ரெண்டு தடவ படிச்சப்ப எனக்கு கேட்டது வேற, ஒண்ணு "என் புள்ள பட்டினி கிடக்குறாளா"ங்குற பயம், இன்னொண்ணு "தினமும் மூணு வேளை நடக்குற இந்த சண்டை எப்போ நிக்கும்"ங்குற அலுப்பு. அந்த ரெண்டுக்கும் பதில் சொல்லிட்டு சிரப்புக்கு வர்றேன்.

முதல்லயே சொல்லிடுறேன், நான் டாக்டர் இல்ல, டயட்டீஷியன். 18 வருஷம் ஆச்சு, அதுல பெரும்பகுதி குழந்தைங்க ஓபி பக்கத்துல ஒரு சின்ன ரூம்ல உக்காந்து அம்மாக்கள் சொல்றத கேட்டதுதான். உங்க பொண்ண நான் பாக்கல, உயரம், பிறந்த எடை, ரத்த டெஸ்ட் எதுவும் நீங்க எழுதல. அதனால நான் சொல்றதுல பாதி உங்க வீட்டுக்கு அப்படியே பொருந்தும், மீதிய நீங்கதான் உங்க டாக்டர்கிட்ட கேட்டு சரிபார்க்கணும்.

பயத்துக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனம் 2006ல வெளியிட்ட வளர்ச்சி அட்டவணைப்படி ரெண்டரை வயசு பொண்ணுக்கு நடுக்கோடு 12.7 கிலோ, எடை குறைவுன்னு சொல்ற கோடு 10 கிலோ பக்கம். உங்க பொண்ணு ரெண்டுக்கும் நடுவுல இருக்கா, அதாவது ஒல்லி, ஆனா "எலும்பும் தோலும்" இல்ல. ஆனா ஒரே ஒரு நாள் எடைய வச்சு யாரும் எதுவும் சொல்ல முடியாது, நானும் சொல்ல மாட்டேன். தடுப்பூசி போடுற அட்டைல ஒரு கிராஃப் இருக்கும் பாருங்க, அதுல இதுவரைக்கும் எடுத்த எடையெல்லாம் புள்ளி வச்சு சேருங்க. பிறந்ததுல இருந்தே கோடு கீழ்ப்பக்கமா இருந்து ஒரே சீரா மேல ஏறிட்டு வந்தா அது அவ உடம்புவாகு, அப்பாவோ அம்மாவோ சின்ன வயசுல அப்படித்தான் இருந்திருப்பீங்க. மேல இருந்த கோடு ஆறு மாசமா படுத்துக்கிட்டா, இல்ல கீழ இறங்கினா, அது வேற விஷயம், அதுக்கு டாக்டரத்தான் பாக்கணும்.

இன்னொரு கணக்கு சொல்றேன், இத யாரும் அம்மாக்களுக்கு முன்கூட்டியே சொல்றதில்லங்குறது என்னோட பெரிய ஆதங்கம். 3 கிலோவுல பிறந்த குழந்தை ஒரு வயசுல 9 கிலோ ஆகும், ஒரே வருஷத்துல 6 கிலோ. அடுத்த வருஷம் ரெண்டு, ரெண்டரை கிலோதான் ஏறும். அதுக்கப்புறம் வருஷத்துக்கு 2 கிலோ. அப்போ பசியும் குறையத்தான செய்யும்? எட்டு மாசத்துல கிண்ணத்த வழிச்சு சாப்பிட்ட குழந்தை ஒன்றரை வயசுல மூஞ்சிய திருப்பிக்குதுன்னா பெரும்பாலும் நோய் இல்ல, உடம்பு வேகத்த குறைச்சுக்கிச்சு, அவ்வளவுதான். நாம மட்டும் அதே கிண்ணத்த வச்சுக்கிட்டு துரத்துறோம், அங்க ஆரம்பிக்குது சண்டை.

சரி, பசி எங்க போச்சு? நீங்க கேள்வியோட கடைசில போற போக்குல ஒரு வரி எழுதியிருக்கீங்க, "பால் மட்டும் ஒரு நாளைக்கு நாலு தடவ பிரச்சினை இல்லாம குடிச்சிடுவா"ன்னு. என் கண்ணு அங்கதான் நின்னுச்சு. போன வருஷம் ஒரு அம்மா வந்தாங்க, மகனுக்கு மூணு வயசு, "எதுவுமே சாப்பிட மாட்டான் மேடம்"னு அழுதுட்டாங்க. ஒரு வெள்ளைத்தாள் குடுத்து நேத்து காலைல இருந்து ராத்திரி வரைக்கும் வாய்க்குள்ள போனதெல்லாம் எழுதுங்கன்னேன். இட்லி அரை, சாதம் நாலு வாய், தோசை கால், மூணே வரில முடிச்சிட்டாங்க. "நடுவுல?"ன்னு கேட்டேன். கொஞ்சம் யோசிச்சு, எழுந்ததும் ஒரு தம்ளர் பால்னு எழுதினாங்க. அப்புறம் பதினோரு மணிக்கு பால், ரெண்டு பிஸ்கட். தாத்தா கடைக்கு கூட்டிட்டு போனப்ப ஒரு பாக்கெட் குர்குரே. சாயங்காலம் பால். தூங்குறப்ப பாட்டில்ல பால். தாள் நிரம்பிடுச்சு, அவங்களே பேனாவ கீழ வச்சுட்டு என்னைய பாத்தாங்க, நான் ஒண்ணும் சொல்லவே தேவைப்படல.

உங்க பொண்ணுக்கு அந்த கணக்க போடுவோம். 11 கிலோ குழந்தைக்கு ஒரு நாளைக்கு தோராயமா 900 கலோரி போதும். 200 மில்லி பால், அதுல ஒரு ஸ்பூன் சர்க்கரை, ரெண்டு ஸ்பூன் பவுடர் போட்டா 170, 180 கலோரி வந்துடும். நாலு தடவைன்னா 700. மிச்சம் 200 கலோரிக்குத்தான் வயித்துல இடம் இருக்கு, அதுல ரெண்டு பிஸ்கட் போயிட்டா உங்க பருப்பு சாதத்துக்கு அவ எங்க போவா பாவம்? அவ சாப்பிடாம இல்ல, குடிச்சு முடிச்சிட்டா. ரெண்டரை வயசுக்கு ஒரு நாளைக்கு 400, மிஞ்சிப்போனா 500 மில்லி பால் போதும், அதுல தயிரும் சேர்த்தி.

பாலால வர்ற இன்னொரு தொல்லை, பால்ல இரும்புச்சத்து கிட்டத்தட்ட இல்லவே இல்ல, வேற சாப்பாட்டுல இருக்குற இரும்ப உடம்பு எடுத்துக்குறதையும் அது கொஞ்சம் தடுக்கும். 2019-21ல எடுத்த தேசிய குடும்பநல கணக்கெடுப்புல தமிழ்நாட்டுல அஞ்சு வயசுக்குட்பட்ட குழந்தைங்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, நாடு முழுக்க 67 சதவீதம். பாதிக்கு மேல! ரத்தசோகை வந்தா பசி மந்தமாகும், பசி மந்தமானா சாப்பிட மாட்டா, சாப்பிடலன்னா "சரி பாலாவது குடிக்கட்டும்"னு இன்னொரு தம்ளர், அந்த பாலால இன்னும் ரத்தசோகை. சுத்தி சுத்தி வரும். ஓபில நான் அதிகமா பாக்குறது இந்த வட்டத்தைத்தான்.

ஹெல்த் டிரிங்க் எது நல்லதுன்னு கேட்டீங்க. எதுவுமே தேவையில்லங்குறது என் பதில். நம்ம உணவு பாதுகாப்பு சட்டத்துல "ஹெல்த் டிரிங்க்"னு ஒரு வகையே கிடையாது, அத காரணம் காட்டி 2024 ஏப்ரல்ல மத்திய வர்த்தக அமைச்சகம் ஆன்லைன் கடைங்க இந்த பவுடரையெல்லாம் அந்த தலைப்புக்கு கீழ போட்டு விக்கக்கூடாதுன்னு சொல்லிச்சு. டப்பாவ திருப்பி 100 கிராம்ல சர்க்கரை எவ்வளவுன்னு மட்டும் பாருங்க, விளம்பரத்துல வர்ற உயரமான பையன அப்புறம் பாக்கலாம். அங்கன்வாடில குடுக்குற சத்துமாவு பாக்கெட் உங்க வீட்டு அலமாரில சும்மா கிடந்தா அத எடுத்து கொழுக்கட்டையோ உருண்டையோ பிடிச்சுக் குடுங்க. அதுலயும் கொஞ்சம் வெல்லம் இருக்கு, ஆனா தானியம், பருப்புன்னு மெல்ல வேண்டிய சாப்பாடு அது.

இப்போ சண்டைக்கு வருவோம். அமெரிக்கால எலின் சாட்டர்னு ஒரு டயட்டீஷியன், 1980கள்ல இருந்து ஒரே விஷயத்த திரும்பத் திரும்ப சொல்றாங்க, நானும் அதத்தான் 18 வருஷமா வேற வேற வார்த்தைல சொல்லிட்டு இருக்கேன். என்ன சாப்பாடு, எத்தன மணிக்கு, எங்க உக்காந்து, இந்த மூணும் பெத்தவங்க முடிவு. எவ்வளவு சாப்பிடுறது, சாப்பிடுறதா வேண்டாமா, இது குழந்தை முடிவு. அவ்வளவுதான். நம்ம வீடுகள்ல இது அப்படியே தலைகீழா நடக்குது, என்ன வேணும், எப்போ வேணும், டிவி முன்னாடியா மாடிப்படிலயான்னு குழந்தை முடிவு பண்ணுது, எவ்வளவு சாப்பிடணும்னு நாம முடிவு பண்றோம்.

"அவகிட்ட விட்டா அவ சாப்பிடவே மாட்டாளே"ன்னு சொல்வீங்க, எல்லாரும் சொல்வாங்க. இதுக்கு ஒரு பழைய கதை இருக்கு, எனக்கு ரொம்ப பிடிச்சது. 1920கள்ல கிளாரா டேவிஸ்னு ஒரு அமெரிக்க குழந்தை மருத்துவர், தாய்ப்பால் மறந்த 15 குழந்தைங்களுக்கு மொத்தம் 34 வகை சாப்பாட்ட மாத்தி மாத்தி தட்டுல வச்சுட்டு, நர்ஸ் யாரும் "இத சாப்பிடு அத சாப்பிடு"ன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதுன்னு வச்சு, பல மாசம், சில குழந்தைங்கள வருஷக்கணக்கா பாத்தாங்க. ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு மாதிரி சாப்பிட்டுச்சு, ஒரு வேளை முட்டையா முழுங்கும், இன்னொரு நாள் பழம் மட்டும், பாக்குறவங்களுக்கு பயமா இருக்கும், ஆனா மொத்தமா எல்லாருமே நல்லா வளந்தாங்க. ரிக்கெட்ஸ்னு எலும்பு வளையுற நோய் இருந்த ஒரு குழந்தை பக்கத்துல மீன் எண்ணெய் வச்சாங்களாம், எலும்பு குணமாகுற வரைக்கும் அதுவா எடுத்து குடிச்சுதாம், அப்புறம் தொடலயாம். (இந்த மீன் எண்ணெய் கதைய நான் ரொம்ப நம்பி பிடிச்சுக்க மாட்டேன், ஒரே ஒரு குழந்தைதான அது.) ஆனா இத சொல்றவங்க முக்கியமான ஒண்ண விட்டுடுவாங்க, அந்த 34 வகைல சர்க்கரை இல்ல, பிஸ்கட் இல்ல, பாக்கெட் எதுவும் இல்ல. அந்த டாக்டரே சொன்னாங்க, சூட்சுமம் தட்டுல என்ன வச்சோம்ங்குறதுலதான்னு. அதனால "குழந்தைகிட்ட விடுங்க"ன்னா வீட்ல குர்குரே பாக்கெட்ட எட்டுற உயரத்துல வச்சுட்டு விடுறது இல்ல.

கட்டாயப்படுத்தினா என்ன ஆகும்ங்குறது ஓரளவு உறுதியாவே தெரியும். 2006ல வந்த ஒரு ஆய்வுல மழலையர் வகுப்பு குழந்தைங்களுக்கு சூப் குடுத்து, "சூப்ப குடிச்சு முடி, முடி"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தப்ப குறைவா குடிச்சாங்க, ஒண்ணும் சொல்லாம விட்டப்ப கூடுதலா குடிச்சாங்க. ஆய்வெல்லாம் எதுக்கு, என் வீட்டுக் கதையே இருக்கு. என் பையனுக்கு மூணு வயசுல முருங்கைக்கீரை. ஊருக்கெல்லாம் புத்தி சொல்ற நானே ஒரு நாள் ஆஸ்பத்திரில இருந்து களைச்சு வந்து, "இந்த ஒரு வாய்தான்டா, ஒரே ஒரு வாய்"னு மூக்கப் பிடிக்காத குறையா திணிச்சுட்டேன், அவன் என் புடவை மேலயே வாந்தி எடுத்தான். அதுக்கப்புறம் பச்சையா எது தட்டுல இருந்தாலும், கொத்தமல்லி இலைய கூட, விரல் நுனில எடுத்து தட்டு ஓரத்துல வரிசையா ஒட்டி வைப்பான். எட்டு வயசு வரைக்கும் கீரைய தொடல. ஒரு வாய் கீரைக்கு அஞ்சு வருஷம் வட்டி கட்டினேன். இப்போ பதிமூணு வயசு, முருங்கைக்கீரை அடை கேட்டு வாங்கி சாப்பிடுறான், அது அவன் பாட்டி கைப்பக்குவம், என் பெருமை இல்ல.

புதுசா ஒண்ண பாத்தா வேண்டாம்ங்குறது ரெண்டு வயசுல இருந்து அஞ்சாறு வயசு வரைக்கும் உச்சத்துல இருக்கும், இது கெட்ட குணம் இல்ல, நடக்க ஆரம்பிச்ச குழந்தை கண்டத வாயில போட்டு சாகாம இருக்க இயற்கை வச்ச பூட்டு. அந்த பூட்டு திறக்குறது பழக்கத்தாலதான். லீயான் பிர்ச்ங்குற ஆராய்ச்சியாளர் 1982லயே ரெண்டு வயசு குழந்தைங்கள வச்சு காட்டினாங்க, ஒரு சாப்பாட்ட எத்தன தடவ ருசி பாக்குதோ அந்த அளவுக்கு அது பிடிச்சுப் போகுது. பொதுவா எட்டுல இருந்து பதினஞ்சு தடவ ஆகும்னு சொல்வோம். நம்ம வீட்ல என்ன நடக்குதுன்னா, பீட்ரூட் மூணு தடவ வச்சோம், துப்பிடுச்சு, "இவளுக்கு பீட்ரூட் பிடிக்காது"ன்னு அவ முன்னாடியே சொந்தக்காரங்ககிட்ட சொல்லிட்டோம், முடிஞ்சுது, அவளும் அத தன் அடையாளமா எடுத்துக்குறா. அந்த வார்த்தைய மட்டும் வீட்ல தடை பண்ணுங்க. பிடிக்காதுன்னு சொல்லாதீங்க, இன்னும் பழகலன்னு சொல்லுங்க. ஒரு ஸ்பூன் பொரியல், அவளுக்கு பிடிச்ச தயிர் சாதத்துக்கு பக்கத்துல, பேசாம வைங்க. தொட்டாலும் சரி, நசுக்கினாலும் சரி, அதுவும் ஒரு தடவைதான்.

"இத சாப்பிட்டா சாக்லேட்"ங்குற பேரமும் வேண்டாம். குழந்தைக்கு புரியுறது என்னன்னா, லஞ்சம் குடுத்து சாப்பிட வைக்குறாங்கன்னா இது மட்டமான சாப்பாடு, சாக்லேட்தான் பரிசு. ஸ்டிக்கர் ஒட்டுற மாதிரி சாப்பாடு அல்லாத பரிசு சில ஆய்வுகள்ல வேலை செஞ்சிருக்கு, அது சும்மா ருசி பாக்குறதுக்கு மட்டும், தட்ட காலி பண்றதுக்கு இல்ல.

போன் விஷயத்துல உங்க மாமியார் மாதிரி நிறைய பேர் கேப்பாங்க, "நாங்க நிலா காட்டி, காக்கா காட்டி ஊட்டலையா?" நியாயமான கேள்வி, நான் தட்டிக் கழிக்க மாட்டேன். நிலாவும் கவனத்த திருப்புற வித்தைதான், அதுலயும் வயிறு நிரம்புனது தெரியாம ரெண்டு வாய் கூட போகும். ஆனா நிலா மூணு செகண்டுக்கு ஒருக்கா கலர் மாறாது, காக்கா பறந்துடும், திரும்பி அம்மா மூஞ்சியத்தான் பாக்கணும், பேச்சு நடக்கும். போன்ல குழந்தை கண்ணு சிமிட்டக்கூட மறந்து உக்காந்திருக்கும், வாய் தானா திறக்கும், மெல்லாம கன்னத்துல அடக்கி வச்சுக்கும், உங்க ஒன்றரை மணி நேரம் அதனாலதான். என்ன சாப்பிட்டோம், என்ன ருசி, எப்போ வயிறு நிரம்புச்சு எதுவும் மண்டைல பதியாது. ரெண்டு வயசுல இருந்து நாலு வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு மொத்தமாவே ஒரு மணி நேரத்துக்கு மேல ஸ்கிரீன் வேண்டாம்னு 2019ல உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கு, உங்க மூணு வேளை சாப்பாட்டுலயே நாலரை மணி நேரம் போகுது.

பழசுல எடுத்துக்க வேண்டியது நிலாவ விட நடுவுல இருந்த அந்த பெரிய பாத்திரம். பாட்டி கல்சட்டில பழைய குழம்பும் சாதமும் பிசைஞ்சு, சுத்தி ஆறேழு பேர் உக்காந்து, ஒவ்வொரு கைலயா ஒரு உருண்டை வைப்பாங்க. குழந்தை தன் கையால வாயில போடும், பக்கத்துல இருக்குறவன் முழுங்குறத பாத்து வேகமா முழுங்கும், தன் முறைக்கு காத்திருக்கும், "போதும் பாட்டி"ன்னா பாட்டி அடுத்த கைக்கு போயிடுவாங்க, யாரும் துரத்த மாட்டாங்க. இன்னைக்கு நாங்க கிளாஸ் எடுத்து சொல்றதெல்லாம் அந்த வட்டத்துல இருந்துச்சு. வீட்ல ஒண்ணும் தொடாத குழந்தை அங்கன்வாடில முட்டை சாதத்த வழிச்சு சாப்பிடுதுன்னு டீச்சர் சொன்னா அம்மாக்களுக்கு கோவம் வரும், காரணம் இதுதான், அங்க பத்து பேர் வரிசையா உக்காந்து சாப்பிடுறாங்க, ஊட்ட ஆள் இல்ல.

பருப்பு சாதம் "மிக்ஸில ஒரு சுத்து சுத்திதான் குடுக்குறேன்"னு எழுதியிருக்கீங்க. தயவுசெஞ்சு நிறுத்துங்க. இங்கிலாந்துல பிரிஸ்டல் பக்கம் ஆயிரக்கணக்கான குழந்தைங்கள பிறப்புல இருந்து தொடர்ந்து பாத்த ஒரு ஆய்வுல, ஒன்பது மாசத்துக்கு அப்புறமா கட்டி கட்டியான சாப்பாடு பழகின குழந்தைங்க ஏழு வயசுலயும் காய், பழம்னு பல வகைய கம்மியாத்தான் சாப்பிட்டாங்கன்னு 2009ல சொன்னாங்க. மெல்லுறது ஒரு வித்தை, நடக்குறது மாதிரி பழகணும். ரெண்டரை வயசுல இட்லி, தோசை, வேகவச்ச கேரட் துண்டு, முள் எடுத்த மீன், நசுக்கின சுண்டல் எல்லாம் அவ பல்லு பாத்துக்கும். முழு வேர்க்கடலை, முழு திராட்சை, கடலைமிட்டாய் மட்டும் அஞ்சு வயசு வரைக்கும் வேண்டாம், மூச்சுக்குழாய்ல போய் மாட்டுறது விளையாட்டு இல்ல.

சரி, நாளைக்கு காலைல இருந்து என்ன பண்றது? ஒரே நாள்ல எல்லாத்தையும் மாத்தினா வீடு ரெண்டாயிடும், அதனால முதல் வாரம் பால மட்டும் தொடுங்க. நாலு தம்ளர ரெண்டாக்குங்க, காலைல டிபன் முடிஞ்சு ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, பவுடர் இல்லாம, பாட்டில் இல்லாம, தம்ளர்ல. ராத்திரி பாட்டில் பல்லுக்கும் கேடு. நடுவுல தண்ணி மட்டும். அடுத்த வாரம் நேரம், காலைல எட்டு, பத்தரைக்கு ஒரு பழம், ஒரு மணிக்கு சாதம், நாலு மணிக்கு சுண்டலோ கொழுக்கட்டையோ, ஏழரைக்கு டிபன், இந்த மாதிரி ரெண்டரை மூணு மணி நேர இடைவெளில. தட்டுல கொஞ்சமா வைங்க, ஒவ்வொண்ணுலயும் வயசுக்கு ஒரு ஸ்பூன்னு ஒரு கைக்கணக்கு உண்டு, அதாவது அவளுக்கு ரெண்டு மூணு ஸ்பூன் சாதம், ரெண்டு ஸ்பூன் பருப்பு, அதுல ஒரு ஸ்பூன் நெய், ஒரு ஸ்பூன் பொரியல். கேட்டா இன்னும் வைங்க. இருபது நிமிஷம், அதிகபட்சம் அரை மணி, அப்புறம் தட்ட எடுத்துடுங்க, முகத்த சுளிக்காம, "பாத்தியா சாப்பிடல"ன்னு ஒரு சொல் இல்லாம. அடுத்த வேளை வரைக்கும் ஒண்ணும் கிடையாது, இதுலதான் எல்லாரும் தோத்துப் போறாங்க. மூணாவது நாள் ரொம்ப கஷ்டமா இருக்கும், அவ கம்மியா சாப்பிடுவா, அழுவா, நீங்களும் அழுவீங்க. ஆரோக்கியமான குழந்தை ரெண்டு நாள் கம்மியா சாப்பிட்டதால ஒண்ணும் ஆகாது, ஆனா காய்ச்சல், வயித்துப்போக்கு இருக்குற வாரத்துல இத ஆரம்பிக்காதீங்க.

மூணாவது வாரம் போன். அவளுக்கு எந்த வேளை பசி அதிகமோ அந்த ஒரு வேளைல இருந்து ஆரம்பிங்க. அந்த நேரம் வீட்ல யார் கைலயும் போன் இருக்கக்கூடாது, உங்க வீட்டுக்காரர் கைலயும்தான். அவரும் தட்டோட கீழ உக்காரட்டும். அவள தனியா முன்னாடி உக்கார வச்சு ஊட்டாம உங்க நடுவுல உக்கார வச்சு, அவ தட்டுல அவ கையால பிசையட்டும், தரை நாசமாகும், பழைய பேப்பர விரிச்சு விடுங்க. நடுநடுவுல ரெண்டு வாய் நீங்க ஊட்டுறது தப்பில்ல, ஊட்டுறதே குத்தம்னு சொல்ற கட்சி நான் இல்ல, அவ வாய் திறந்து வாங்கணும், நீங்க திறக்க வைக்கக்கூடாது.

இது எத்தன நாள்ல சரியாகும்னு கேட்டா, நான் பாத்த வரைக்கும் மூணு வாரத்துல இருந்து ரெண்டு மாசம், இது என் அனுபவம் மட்டும்தான், ஆய்வுக் கணக்குன்னு எடுத்துக்காதீங்க. கட்டாயப்படுத்தினா கெடுதல்ங்குறது நிரூபணமான அளவுக்கு சாட்டர் சொன்ன வழி உறுதியா நிரூபணம் ஆனது இல்ல, புத்திக்கு சரின்னு படுது, ஓபில வேலை செய்யுது, அதனால சொல்றேன். எல்லா குழந்தைக்கும் ஒரே மாதிரி பலிக்காதுங்குறதும் உண்மை. இங்கிலாந்துல இரட்டைக் குழந்தைங்கள வச்சு பண்ணின ஆய்வுல, சாப்பாட்டுல அடம் பிடிக்குற குணத்துல பாதிக்கு மேல பிறவில வர்றதுன்னு தெரிஞ்சுது. அதனால உங்க நாத்தனார் புள்ள எல்லாம் சாப்பிடுதுன்னா அது அவங்க வளர்ப்போட பெருமையும் இல்ல, உங்க பொண்ணு அடம் பிடிக்குறது உங்க குத்தமும் இல்ல. காய அரைச்சு தோசை மாவுல ஒளிச்சு வைக்குறதுலயும் எனக்கு ரெண்டு மனசு, சத்து போகும், சரி, ஆனா கேரட்டுன்னா என்னன்னு அவளுக்கு தெரியாது. ஒளிச்சு வைக்குற நாள்லயும் கண்ணுக்கு தெரியுற மாதிரி ஒரு துண்டு பக்கத்துல இருக்கட்டும்.

மாமியார் விஷயம்தான் இதுல கஷ்டமானது. நீங்க வேலைக்கு போயிடுறீங்க, பகல் முழுக்க அவங்கதான், "புள்ள அழுதா நான் பாத்துட்டு இருக்கணுமா"ன்னு பிஸ்கட் குடுக்குறாங்க. அது பாசம், அதோட சண்டை போட்டு ஜெயிக்க முடியாது, நான் எத்தனையோ வீட்டுல பாத்துட்டேன். "குடுக்காதீங்க அத்தை"ன்னு சொல்லாதீங்க, குடுக்குறதுக்கு வேற ஒண்ண அவங்க கைல வைங்க. நாலு மணி பலகாரம் முழுக்க அவங்க பொறுப்பு, பொட்டுக்கடலை உருண்டை, கேப்பை அடை, பாசிப்பயறு சுண்டல், அவங்க கைல என்ன வருமோ அது. அடுத்த தடவ டாக்டர்கிட்ட போறப்ப அவங்களையும் கூட்டிட்டு போங்க, "பால ரெண்டு தம்ளரா குறைங்க"ன்னு நீங்க சொன்னா மருமக பேச்சு, டாக்டர் சொன்னா வேதம்.

கடைசியா பசி சிரப். மெடிக்கல்ல "பசி எடுக்க"ன்னு குடுக்குறது பெரும்பாலும் சைப்ரோஹெப்டாடின், அது அடிப்படைல ஒரு அலர்ஜி மருந்து, தூக்கம் வர்ற மாதிரி பசியும் அதோட பக்க விளைவு. குடுக்குற வரைக்கும் சாப்பிடுவா, நிறுத்தினா பழைய கதை, பழக்கம் எதுவும் மாறியிருக்காது. சில நோய் இருக்குற குழந்தைங்களுக்கு டாக்டரே எழுதுவாங்க, அது வேற, நீங்களா வாங்காதீங்க. அதுக்கு பதிலா டாக்டர்கிட்ட போய் ஹீமோகுளோபின் டெஸ்ட் கேளுங்க, பூச்சி மருந்து கடைசியா எப்போ குடுத்தீங்கன்னு சொல்லுங்க, தினமும் மோஷன் போறாளான்னு சொல்லுங்க, மலச்சிக்கல் இருந்தா எந்த குழந்தைக்கும் பசிக்காது. மண்ணு, சாக்பீஸ், சுவத்து சுண்ணாம்பு திங்குறா, முழுங்குறப்ப இருமுறா, புரையேறுது, முன்னாடி சாப்பிட்டதையெல்லாம் ஒவ்வொண்ணா விட்டு அஞ்சாறு வகைல நிக்குறா, பேர் சொல்லி கூப்பிட்டா திரும்பல, பேச்சு வரல, எடைக்கோடு இறங்குது, இதுல ஒண்ணு இருந்தாலும் நான் மேல எழுதின மூணு வாரத் திட்டத்த ஓரமா வச்சுட்டு முதல்ல டாக்டர பாருங்க. இரும்புச்சத்து சிரப் எழுதிக் குடுத்தா பாலோட குடுக்காதீங்க, ஒரு வேளை சாப்பாட்டுக்கும் அடுத்த வேளைக்கும் இடைல, முடிஞ்சா எலுமிச்சை தண்ணியோட குடுங்க, மோஷன் கருப்பா போகும், அத பாத்து மாமியார் பதறினா இது சிரப்பாலதான்னு முன்னாடியே சொல்லி வச்சுடுங்க.